கண்மாய் பெருகல, நெல் 50 நாள் பயிர்: எதைக் காப்பாத்துறது, எதை விடுறது?

கடைமடை_திருவாடானை

திருவாடானை தாலுகா, கண்மாய்ப் பாசனம். 3 ஏக்கர் அண்ணா 4 நெல், புழுதி விதைப்பு. ஐப்பசித் தொடக்கத்து மழையில முளைச்சது, இப்ப 50 நாள் பயிர். கார்த்திகை பிறந்து மூணு வாரமா சொல்லிக்கிற மாதிரி மழை இல்ல. கண்மாயில தண்ணி மடைக்கு ஏறவே இல்ல, உள்வாய்ப் பள்ளத்துல மட்டும் கிடக்கு.

கையில உள்ளது: மாடு 2 (ஒண்ணு கலப்பினம், 7 மாசச் சினை, இன்னொண்ணு நாட்டு மாடு). வெள்ளாடு 14 (கிடா 3, பெட்டை 8, குட்டி 3). மிஷின் கட்டு வைக்கோல் 60, கட்டு 15 கிலோ இருக்கும். சங்கத்துல பயிர்க்கடன் இருக்கு, பயிர்க் காப்பீட்டுக்குப் பிரிமியம் கட்டியாச்சு.

கேள்விகள்:
1. பயிருக்கு இனி ஏதாவது செய்யலாமா, இல்ல மாட்டுக்கு அறுத்துப் போட்டுறலாமா? அறுத்தா காப்பீடு போயிருமா?
2. ஆடு மாட்டை வச்சிருக்கிறதா, விக்கிறதா?
3. போர் போடச் சொல்றாங்க. பக்கத்துக் காட்டுல 200 அடியில உப்பு.
4. செங்கல் சூளை வேலைக்கு முன்பணம் தர்றேன்னு ஆள் வந்துட்டுப் போயிருக்கு.

ஆறுதல் வேண்டாம், கணக்காச் சொல்லுங்க.

---

புழுதிக்கால்

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

அண்ணா 4 100–105 நாள் ரகம். 50 நாள்னா கதிர் உருவாகிற கட்டம் தொடங்குற நேரம். தொடங்கிருச்சான்னு வயல்லயே பார்க்கலாம். நாலஞ்சு இடத்துல தாய்த் தூரைப் பிடுங்கி, தண்டை அடியில இருந்து நீளவாக்குல பிளேடால கீறுங்க. மேல்கணுவுக்கு மேல பஞ்சு மாதிரி வெள்ளை முனை 1–2 மில்லிமீட்டர் தெரிஞ்சா கதிர் பிறந்தாச்சு. தெரியலன்னா நல்ல சேதி. அந்தக் கட்டத்துக்கு முன்னாடி நெல் வறட்சியைத் தாங்கிக் காத்திருக்கும், வயசுதான் தள்ளிப்போகும். கதிர் பிறந்ததுக்கு அப்புறம் காத்திருக்காது. மணி எண்ணிக்கை குறையும், பூக்கிற நேரத்துல மண் காய்ஞ்சிருந்தா அத்தனையும் பதர்.

அடுத்தது இலை. மத்தியானம் சுருண்டு சாயங்காலம் விரிஞ்சா உயிர் இருக்கு. காலை 7 மணிக்கே சுருண்டு நின்னா வேர் மட்டத்துல ஈரம் தீர்ந்துபோச்சு. அரை அடி தோண்டி மண்ணை எடுத்துப் பிடிங்க, உருண்டை நிக்காம உதிர்ந்தாலும் அதே கதைதான்.

மூணு ஏக்கரையும் காப்பாத்த நினைச்சா மூணும் போகும். மடையை ஒட்டின ஒரு ஏக்கரைத் தேர்ந்தெடுங்க. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணி கட்ட 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர் வேணும். விநாடிக்கு 10 லிட்டர் தள்ளுற ஆயில் இன்ஜினுக்கு அஞ்சரை மணி நேர ஓட்டம். அதுவும் வாய்க்கால்ல உறிஞ்சாம குழாய்ல கொண்டுபோனாத்தான். கதிர் பிறக்கிறப்ப ஒரு தடவை, பூக்கிறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி ஒரு தடவை. ரெண்டே தண்ணி கட்ட முடிஞ்சா இந்த ரெண்டு இடத்துலதான் கட்டணும். பள்ளத்துத் தண்ணி ஊர்ப் பொது, கால்நடைக்கும் அதுதான், பேசி முடிவு பண்ணிட்டு இன்ஜினை இறக்குங்க.

காய்ஞ்ச மண்ணுல யூரியா போடாதீங்க. ஆவியாப் போனது போக, மிச்சம் இலையை வளர்த்து இருக்கிற ஈரத்தையும் குடிக்க வைக்கும். பொட்டாஷ் (மியூரேட்) 1 சதவீதக் கரைசல், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணியில 2 கிலோ, சாயங்காலம் தெளிக்கலாம். பத்து நாள் தாக்குப்பிடிக்க உதவும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. தெளிப்பை விடக் களை எடுக்கிறதுதான் ஈரத்தைக் காக்கும், எடுத்த களை மாட்டுக்கும் ஆகும்.

மிச்ச ரெண்டு ஏக்கருக்கு மார்கழி முதல் வாரம் கெடு. அதுக்குள்ள மழை இல்லன்னா பச்சையா இருக்கும்போதே அறுத்து நிழல்ல காயவைங்க. முழுசாக் கருகின பிறகு அறுத்தா வெறும் தட்டைதான் மிஞ்சும். பின்னால 25–30 மில்லிமீட்டர் ஒரு மழை கிடைச்சா ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைச்சு விடுங்க. காய்க்கலன்னாலும் கொடி தீவனம்.

அறுக்கிறதுக்கு முன்னாடி காப்பீட்டு விஷயம் தெரிஞ்சவங்க சொல்றதைக் கேட்டுக்குங்க.

---

பத்து_ஒன்று_சிட்டா

அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காப்பீடும் நிவாரணமும் வேற வேற. ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் நிறையப் பேர் ரெண்டையும் விடுறாங்க.

காப்பீடு: பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல வறட்சி இழப்பைத் தனி வயலாப் பார்க்க மாட்டாங்க, கிராம அளவுலதான் பார்ப்பாங்க. 72 மணி நேரத்துல தகவல் சொல்லணுங்கிற விதி ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குறது மாதிரி தனி வயல் சேதத்துக்கு. வறட்சிக்கு அந்த வழி கிடையாது. உங்க வருவாய்க் கிராமத்துல குலுக்கல்ல தேர்வான சர்வே எண்கள்ல 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, தூத்தி, எடை போடுவாங்க. அந்தச் சராசரி உத்தரவாத மகசூலுக்கு எவ்வளவு கீழே இருக்கோ அந்த விகிதத்துல ஊர்ல பிரிமியம் கட்டின எல்லாருக்கும் பணம். உதாரணக் கணக்கு: உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 2,000 கிலோ, அறுவடைச் சோதனையில வந்தது 500. குறைவு 75 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய்னா 22,500 வரணும், அதுக்குப் பிரிமியத்துல சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு ஒன்றரை சதவீதம், 450 ரூபாய்.

அதனால உங்க சர்வே எண் சோதனைக்குத் தேர்வாகலன்னா, நீங்க அறுத்துப் போடுறதால ஊர்க் கணக்கு மாறாது. தேர்வாகியிருந்தா தொடவே கூடாது. உதவி வேளாண்மை அலுவலர்கிட்டயும் வி.ஏ.ஓ.கிட்டயும் இந்த வாரமே கேட்டுருங்க. இன்னொண்ணு, எதிர்பார்க்கிற மகசூல் பாதிக்கும் கீழே போகும்னு பருவத்தின் நடுவுலயே தெரிஞ்சா, உத்தேச இழப்பீட்டுல 25 சதவீதத்தை முன்கூட்டியே தர விதி இருக்கு. ஆனா அதை நாம தனியாக் கேட்டு வாங்க முடியாது, அரசு அறிவிச்சு கூட்டு ஆய்வு நடக்கணும். ஊரோட மனு கொடுத்தாத்தான் அசையும், அறுவடைக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும்தான் காலம்.

இதுல ஒரு பொல்லாத விஷயம் இருக்கு. உத்தரவாத மகசூலைப் போன 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷச் சராசரியை வச்சுப் போடுறாங்க. ரெண்டு கெட்ட வருஷத்தைத் தள்ளிரலாம். ஏழுல மூணு நாலு வருஷம் பொய்க்கிற ஊர்ல சராசரியே கீழ இறங்கிரும், அடுத்த வறட்சியில இழப்பீடும் சுருங்கும். அடிக்கடி அடிபடுற ஊருக்குத்தான் பாதுகாப்பு குறைவு. ராமநாதபுரத்துக்காரங்க கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனா எல்லாரும் பணம் எப்ப வரும்னு மட்டும்தான் கேட்கிறோம்.

நிவாரணம்: 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைஞ்சது. 2017 ஜனவரி 10 அன்னிக்கு அப்போதைய 32 மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அறிவிச்சாங்க. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000, நீண்டகாலப் பயிருக்கு 7,287, நிலவரி தள்ளுபடி. தகுதி 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம். அப்ப பணம் வாங்காம போனவங்கள்ல பெரும்பாலும் ரெண்டு வகை. அடங்கல்ல (வி.ஏ.ஓ. எழுதுற பயிர்க் கணக்குல) பயிர் ஏறாதவங்க, வாய்மொழிக் குத்தகைக்காரங்க. அடங்கல் இந்தப் பசலிக்கு (வருவாய்க் கணக்கு வருஷத்துக்கு) பதிவாகியிருக்கா, பயிர் "நெல்"னு இருக்கா, பாசன ஆதாரம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. தரிசுன்னு ஏறியிருந்தா இப்பவே திருத்த மனு. குத்தகைன்னா நில உரிமையாளர் கையெழுத்தோட சாகுபடிச் சான்று வாங்கி வைங்க.

ரெண்டு ஏக்கரை அறுக்கிறதா இருந்தா வயலோட ஒரு ஓரத்துல பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டை அறுக்காம விட்டுருங்க. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டுக் கணக்கெடுக்க வரும்போது மொட்டை வயலைக் காட்டி "நெல் இருந்துச்சு"ன்னு சொன்னா எழுத மாட்டாங்க. இருப்பிடமும் தேதியும் பதியுற செயலியில நாலு மூலைக்கும் படம் எடுத்து வைங்க.

கடன்: வங்கிப் பயிர்க்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல்படி, 33–50 சதவீதச் சேதத்துக்கு 2 வருஷம் வரைக்கும், அதுக்கு மேல சேதம்னா 5 வருஷம் வரைக்கும் தவணையை நீட்டலாம்னு இருந்துச்சு. ரெண்டுலயும் முதல் ஒரு வருஷம் கட்டவேண்டியதில்லன்னு இருந்துச்சு. 2017-லயும் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனா மாத்துறதா அறிவிச்சாங்க. உங்களுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன், கெடுவுக்குள்ள கட்டினா வட்டி இல்ல. மாத்தி எழுதினா வட்டி எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. சங்கக் கடனை அடைக்க வெளியில மீட்டர் வட்டிக்கு வாங்கிறாதீங்க. வறட்சி வருஷத்துல காணி கைமாறுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

---

தொழுவம்

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கொஞ்சம் நீளும்.

முதல்ல வைக்கோல் கணக்கு. 350 கிலோ மாட்டுக்கு வயிறு நிறைய நாளைக்கு 8–10 கிலோ உலர் தீவனம் வேணும். உயிர் தாங்குறதுக்கு 6 கிலோ வைக்கோலும் கொஞ்சம் தழையும். உங்ககிட்ட இருக்கிறது 60 கட்டு, 900 கிலோ. ரெண்டு மாட்டுக்கு நாளைக்கு 12 கிலோன்னா 75 நாள், மாசி பிறந்து ஒரு வாரத்துல தீரும். அடுத்த பச்சை ஐப்பசியிலதான். அந்த எட்டு மாசத்துக்கு இன்னும் 190 கட்டுக்கு மேல வாங்கணும், அதுவும் எல்லாரும் வாங்குற நேரத்துல, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து லாரி வாடகை கொடுத்து.

ஒரு மாடுன்னா அதே 900 கிலோ 150 நாள், சித்திரை கடைசி வரைக்கும். அப்புறம் 65–70 கட்டு போதும். அறுக்கிற ரெண்டு ஏக்கர் பச்சையும் சேர்ந்தா அதுவும் குறையும். ஆக ஒண்ணை விக்கணும், இந்த மாசமே விக்கணும். மாசி, பங்குனியில சந்தையில மாடு குவியும்போது தீவன விலை மேல, மாட்டு விலை கீழ. ஒரு மாட்டை வித்தா எத்தனை கட்டு வைக்கோல், எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம்னு பாருங்க. கார்த்திகைக்கும் பங்குனிக்கும் நடுவுல அந்தக் கணக்கு தலைகீழாகிரும். வறட்சியில குடும்பம் நொடிக்கிறது பெரும்பாலும் மாடு சாகிறதால இல்ல, விலா எலும்பு தெரிஞ்ச பிறகு கறி விலைக்குத் தள்ளுறதால.

என் கணிப்புல விக்க வேண்டியது கலப்பினம். 7 மாசச் சினைக்கு இப்ப நல்ல விலை. பட்டினியில ஈன்றா பாலும் இருக்காது, சீக்கிரம் பருவத்துக்கும் வராது, கோடையில நாளைக்கு 60–80 லிட்டர் தண்ணி வேற.

வச்சிருக்கிற மாட்டுக்கு: வெறும் வைக்கோல்ல புரதம் 3–4 சதவீதம்தான். 6–7 சதவீதத்துக்குக் கீழ போனா அசையூன் வயித்துல நுண்ணுயிர் வேலை செய்யாது, வயிறு நிறைஞ்ச மாடே இளைக்கும். அதுக்கு யூரியாப் பதம்:

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணி. யூரியா ஒரு பருக்கை இல்லாம கரையணும். தார்ப்பாய் மேல 20 கிலோ வைக்கோல் பரப்பி, பூவாளியில 12 லிட்டர் தெளிச்சு, நல்லா மிதிச்சு, அது மேல அடுத்த அடுக்கு. அஞ்சு அடுக்கு முடிஞ்சதும் காத்துப் புகாம மூடி ஓரமெல்லாம் மண் அணைச்சு 21 நாள். பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கிற வாடை வரணும், நிறம் பழுப்பாகியிருக்கணும். வாடை இல்லன்னா காத்துப் புகுந்திருக்கு. அன்னன்னிக்கு வேண்டியதை ஒரு மணி நேரம் ஆற விட்டுக் கொடுங்க, முதல் வாரம் பாதிக்குப் பாதி சாதா வைக்கோல் கலந்து. ஆறு மாசத்துக்குக் கீழ் கன்னுக்குக் கூடாது. கரைசல் கலந்த வாளியை மாட்டுக்கு எட்டுற இடத்துல வச்சுத்தான் சாவு நடக்குது. குடிச்ச அரை மணியில நடுக்கம், வாயில நுரை, வயிறு உப்பல். குளிர்ந்த தண்ணியோட 2–4 லிட்டர் வினிகர் ஊத்திட்டு கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அடிங்க.

தினம் 30–50 கிராம் தாதுஉப்புக் கலவை, ஒரு கை கல்லுப்பு. இது இல்லன்னா மாடு எலும்பு, செருப்பு, பிளாஸ்டிக்னு கடிக்கும். செத்த மாட்டெலும்பைக் கடிச்சு வாதம் வந்து படுத்தா எழுப்ப முடியாது.

சீமைக்கருவேல நெத்து பங்குனியில இருந்து விழும். பொறுக்கிக் காயவச்சு அரைச்சு அடர்தீவனத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் சேர்க்கலாம். அதையே முழுத் தீவனமா மாசக்கணக்குல போட்டா தாடைத் தசை சூம்பி அசை போட முடியாமப் போகும். அரைக்காமப் போட்டா விதை சாணியில வந்து உங்க வயலையே காடாக்கும்.

ஆடு: பல்லைப் பாருங்க. கடை சேர்ந்த (எட்டுப் பல்லும் முளைச்ச, வயசான) பெட்டையையும் மூணு கிடாவையும் பொங்கல் சந்தைக்கு முன்னாடி தள்ளிருங்க. ரெண்டு பல், நாலு பல் பெட்டையில அஞ்சாறு வச்சுக்குங்க. பொலிகிடா ஊருக்கு ஒண்ணு இருந்தாப் போதும். வெள்ளாடு வறட்சியில பட்டினியால சாகிறது குறைவு, தழை இருக்கிற வரைக்கும் பிழைச்சுக்கும். வேம்பு, வாகை, அகத்தி, சூபாபுல். சூபாபுல் மொத்தத் தழையில மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

---

பால்மாடு_முதுகுளத்தூர்

தொழுவம் அண்ணே, கலப்பினத்தை விக்கச் சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்ல. வெள்ளாமை போன வருஷத்துல சொசைட்டியில மாசம் ரெண்டு தடவை கைக்கு வர்ற பால் காசுதான் அடுப்பெரிக்குது. நாட்டு மாட்டை வித்தா என்ன?

---

தொழுவம்

நியாயமான கேள்வி. நல்ல தண்ணியும் பச்சையும் உறுதியா இருந்தா நீங்க சொல்றதுதான் சரி. கணக்கு இதுதான்: உடம்பு தாங்க அடர்தீவனம் நாளைக்கு ஒன்றரை கிலோ, அதுக்கு மேல லிட்டருக்கு 400 கிராம். 6 லிட்டர் கறந்தா நாளைக்கு 4 கிலோ, 50 கிலோ மூட்டை 12 நாள்ல காலி. அந்த மூட்டை விலையையும் 12 நாள் பால் பணத்தையும் உங்க ஊர் விலையில போட்டுப் பாருங்க. பச்சை இல்லாம அடர்தீவனத்தை மட்டும் ஏத்தினா வயிறு புளிச்சு தீனி எடுக்காது. இவர் ஊர்ல தண்ணி உப்புன்னு சொல்றார், அதான் விக்கச் சொன்னேன். தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வச்சுப் பாருங்க: 3,000-க்குள்ள எந்த மாட்டுக்கும் பரவாயில்ல, 5,000 வரைக்கும் கழிச்சலோட பழகும், 7,000 தாண்டினா சினைக்கும் கறவைக்கும் ஆகவே ஆகாது.

---

கடைமடை_திருவாடானை

ரொம்ப நன்றி. மூணு துணைக் கேள்வி. எல்லா ஆட்டையும் இப்ப வித்துட்டு மழை வந்ததும் புதுசா வாங்கினா செலவு மிச்சம்தானே? சோளத்தட்டை சும்மா கிடைக்குது, முழங்கால் உயரத்துல காய்ஞ்சு நிக்கிறது, போடலாமா? ஒரு தடவை வெட்டி மறுபடி துளிர்த்ததும் இருக்கு.

---

தொழுவம்

சோளம்: வேண்டாம். மழையில்லாம குட்டையா நின்ன பயிர், 45 நாளுக்கு உட்பட்டது, வெட்டின தூர்ல துளிர்த்த மறுதாம்பு, இந்த மூணுலயும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். தின்ன கால் மணியில மூச்சு இழுத்து விழும், ஈறு பளிச்சுனு சிவந்து கிடக்கும். டாக்டர் சோடியம் தயோசல்பேட் ஊசியோட பக்கத்துல இருந்தாத்தான் பிழைக்கும். பூத்த பிறகு அறுத்து நல்லா காயவச்ச தட்டைன்னா தாராளமாப் போடுங்க. வாடியிருக்கு, விஷம் போயிருக்கும்னு ஊர்ல சொல்வாங்க, நம்பாதீங்க.

ஆடு எல்லாத்தையும் விக்காதீங்க. மழை வந்த வாரம் எல்லாரும் பெட்டையைத்தான் தேடுவாங்க, வித்த விலைக்கு வாங்க முடியாது. சந்தையில வாங்கின ஆடு ஆட்டுக்கொல்லி நோயையும் கொண்டுவரும். மழைக்கு முன்னாடியே துள்ளுமாரித் தடுப்பூசி போடுங்க. எட்டு மாசம் பட்டினி கிடந்த ஆடு முதல் புல்லை அளவில்லாம மேய்ஞ்சுட்டு ராத்திரியில துள்ளி விழுந்து சாகும். வறட்சியைத் தாண்டின ஆடு மழையில சாகிறது இப்படித்தான். முதல் பத்து நாள், காலையில காஞ்ச தழை கொடுத்துட்டுத்தான் மேய விடணும்.

---

ஊத்துத்தண்ணி

போர் விஷயம். பக்கத்துல 200 அடியில உப்புன்னா நீங்க 400 அடி போனா இனிக்குங்கிறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல. கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மெல்லிசா மிதக்குது. நல்ல தண்ணி மட்டம் ஓர் அடி இறங்கினா கீழ இருக்கிற உப்பு சுமார் 40 அடி மேல ஏறுங்கிறது கணக்கு. அதனாலதான் மணல்ல ஆளுயரத்துக்கு ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியால அள்ளி அள்ளிக் குடத்துல ஊத்துறாங்க. மெதுவா எடுத்தா இனிப்பு, மோட்டார் வச்சா ஒரே மாசத்துல உப்பு. உப்புத் தண்ணியை நெல்லுக்குப் பாய்ச்சி அடுத்த மூணு போகத்துக்கு மண்ணைக் கெடுத்துக்கிட்ட ஊர்கள் இருக்கு. வறட்சி வருஷத்துல ரிக் வண்டிக்காரங்களுக்கு மட்டும்தான் நல்ல அறுவடை.

அந்தப் பணத்துல பாதி இருந்தாக் கூட பண்ணைக்குட்டை பாருங்க, வேளாண் பொறியியல் துறையில மானியம் உண்டான்னு கேளுங்க. 30க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், சரிவு ஒன்றரைக்கு ஒண்ணுன்னா கொள்ளளவு ஏறத்தாழ 1,460 கன மீட்டர். நம்ம வெயில்ல நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும், 150 நாள்ல 90 சென்டிமீட்டர். பாதி ஆழம் வானத்துக்குப் போயிரும். அதனால அகலத்தைக் குறைச்சு ஆழத்தைக் கூட்டுங்க, உப்பு மண் தட்டுற இடத்துல நிறுத்திருங்க. இது இந்த வருஷத்துக்கு உதவாது, வர்ற ஐப்பசிக்கு.

இந்த வருஷம் செய்யக்கூடியது வண்டல். காய்ஞ்ச கண்மாய்தான் அள்ளத் தோது. தாசில்தார் அனுமதியோட எடுக்கலாம். 2017-ல வந்த விதியில நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். மடைக்கு முன்னாலயும் கரையடியிலயும் தோண்டக் கூடாது, அடுத்த வருஷம் கரை அங்கதான் உடையும். குடிக்கிற ஊரணியில மாட்டை இறக்காம வேலி போட்டு, தொட்டி வச்சு வெளியில தண்ணி காட்டுங்க.

---

பஞ்சப்படி

நாலாவது கேள்விக்கு யாரும் வரல.

முன்பணம் வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது: கூலி எதுக்கு? ஆயிரம் கல்லுக்கா, நாளுக்கா? எடை போடுறதும் எண்ணுறதும் யார்? வாரச் செலவுக்குக் கொடுக்கிற காசைக் கணக்குல எப்படிக் கழிக்கிறாங்க? மழை பெய்ஞ்சு சூளை நின்னா அந்த நாளுக்குக் கூலி உண்டா? "முன்பணம் தீர்ற வரைக்கும் போகக் கூடாது"ன்னு சொன்னா அது 1976 கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். புகாரை வருவாய்க் கோட்டாட்சியர்கிட்டக் கொடுக்கலாம். கணக்கு நோட்டு ரெண்டு, ஒண்ணு உங்ககிட்ட. ஆதார் அட்டையையோ ரேஷன் கார்டையோ கையில கொடுக்காதீங்க. குடும்பத்தோட வரச் சொன்னா மறுத்துருங்க. புள்ளைங்க பள்ளிக்கூடம் ஒரு பருவம் விட்டா வறட்சி முடிஞ்ச பிறகும் திரும்பிப் போறது குறைவு, பொம்பளப் புள்ளைன்னா இன்னும் குறைவு.

ரேஷன்: தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கலாம். ஊர்ல வயசானவங்க மட்டும் இருந்து ரேகை விழலன்னா, அவங்களுக்குப் பதிலா வாங்க ஒருத்தரை நியமிக்கிற படிவம் கடையிலயே கொடுத்துட்டுக் கிளம்புங்க.

உள்ளூர்லயே உழைக்க ஒரு வழி கருவேலக் கரி மூட்டம். 4–5 டன் விறகுக்கு ஒரு டன் கரி. ரெண்டு மூணு அடித் துண்டா வெட்டி, தடிப்பை நடுவுலயும் மிலாரை வெளியிலயும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி மண் பூசி, தீ வச்சதும் எரியாம வேகணும். ஒரு வாரம் பத்து நாள் ராத்திரியும் ஆள் இருக்கணும். மண் வெடிச்ச இடத்துல உடனே பூசலன்னா காத்துப் புகுந்து விடியறதுக்குள்ள சாம்பல். மரத்தை நிக்கிற நிலையிலயே கூப்பு விலைக்கு விக்கிறதை விட மூட்டம் போட்டு விக்கிறதுல கூலி உங்களுக்கே நிக்கும், ஆனா புகையில நிக்க வேண்டியவங்களும் நீங்கதான்.

மேல எல்லாரும் நிலம் உள்ளவங்களைப் பத்தியே பேசியிருக்கோம். உங்க 3 ஏக்கர்ல களையெடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கிறவங்களுக்கு அடங்கலும் இல்ல, காப்பீடும் இல்ல, நிவாரணமும் இல்ல. அவங்களுக்கு இருக்கிறது அரசோட ஊரக வேலைத் திட்டம் மட்டும். 2017-ல நூறு நாளை 150 ஆக்கினாங்க. கூலி 15 நாள்ல வரணுங்கிறது சட்டம், வறட்சி வருஷத்துல இதுதான் முதல்ல தவறுது. தாது வருஷப் பஞ்சத்துல, 1877-ல, பிரிட்டிஷ் அரசு அனுப்பின அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஒரு அணாவும்னு கூலியைக் குறைச்சார். மண் வெட்டுற ஆளுக்கு இது பத்தாதுன்னு மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் பார்த்தார். கூலியை எவ்வளவு குறைச்சாலும் ஆள் வரும்னு அன்னிக்குக் கணக்குப் போட்டாங்க. முன்பணத்தோட வந்துட்டுப் போனவர் போடுறதும் அதே கணக்குதான்.

உங்க ஊராட்சியில வேலைக்கு எழுத்துல மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம கேட்டா கேட்டதாவே கணக்குல வராது. வேலையாக் கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் தூர்வாரலைக் கேளுங்க. மதகுல இருந்து தொடங்காம, மேல்கண்மாயோட கலுங்கு (உபரித் தண்ணி வெளியேறுற இடம்) வரைக்கும் போய் அங்க இருந்து இறங்கி வாங்க. நடுவுல யாராவது வரத்துக்காலை மறிச்சு வேலி போட்டிருந்தா சர்வேயரை வச்சு இப்பவே அளந்துருங்க, தண்ணி வர்ற நேரத்துல அளக்கப் போனா கைகலப்புலதான் முடியும்.

---

கடைமடை_திருவாடானை

இன்னிக்குக் காலையில அஞ்சு தூரு கீறிப் பார்த்தாச்சு. மூணுல வெள்ளை முனை தெரியுது, மேட்டுச் செய்யில இருந்து எடுத்த ரெண்டுல தெரியல. அப்ப மடையடி ஒரு ஏக்கருக்கு இப்பவே இன்ஜின் வைக்கணுமா?

---

புழுதிக்கால்

மூணும் மடையடியில எடுத்ததுன்னா இன்னிக்கு ராத்திரியே ஓட்டுங்க. வெயில்ல ஓட்டி வீணாக்காதீங்க, வரப்பு நண்டு வளையை முதல்ல மிதிச்சு அடைங்க. மேட்டுச் செய் மார்கழிக் கெடு வரைக்கும் நிக்கட்டும்.